மேல்தட்டில் நடந்த கால்

முதல் அறிகுறியைக் கவனித்தது நானில்லை, எனக்குப் பின்னால் நின்ற பெண். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போகும் நீண்ட விறாந்தையில், கிளினிக் கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தேன். "ராத்தா, உங்கட செருப்பு அங்க கிடக்கு" என்றாள் அவள். திரும்பிப் பார்த்தால் என் வலது கால் செருப்பு பதினைந்து அடிக்கு அப்பால் நடு விறாந்தையில் கிடந்தது. அது கழன்றதே எனக்குத் தெரியவில்லை.

"உடம்பு பெருத்தா ஒண்டும் வெளங்காதுகா" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். பருத்த பெண்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. மற்றவர்கள் சொல்வதற்கு முந்திக்கொண்டு நாமே நம்மைக் கேலி செய்துவிடுவோம். செருப்பை மாட்டிக்கொண்டு, மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த இடத்தில் நான் சிரிக்காமல் பயந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களுக்காக, அதிலும் கல்முனைக் கரையோர ஒழுங்கைகளுக்குள் (சந்துகளுக்குள்) வாழும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நடக்காமல் இருந்ததால் கால் போனவர்களின் கதைகளைக் கேட்டிருப்பீர்கள். என்னுடைய கால் நடந்ததால் போனது.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. நிறை தொண்ணூற்றாறு கிலோ. சீனி வருத்தம் பிடித்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அடுத்த கிளினிக்கில் ஒரு புது டொக்டர் இருந்தார். தமிழ்ப் பெண், இளவயது. மெல்லிய நைலோன் நூல் ஒன்றை எடுத்து என் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா அம்மா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். "இப்ப?" "ஓம்." நூல் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்துப் பார்த்துத்தான் ஓம் சொன்னேன். இல்லை என்றால் பரீட்சையில் தவறிய மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வெட்கம். அவர் அதைக் கண்டுகொண்டார். கண்ணை மூடச் சொன்னார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். எவ்வளவு நேரமாகத் தொடாமல் இருக்கிறார் என்று யோசித்துக் கண்ணைத் திறந்தேன். அதற்குள் ஐந்து இடத்தில் தொட்டு முடித்திருந்தார்.

"நியூரோபதி" என்றார் (நீண்டகாலச் சீனி நரம்புகளைக் கெடுத்துக் காலை மரத்துப்போகச் செய்வது). "வெளிய போகக்குள்ள வெறுங்காலோட போகாதீங்க. நிறை குறையோணும் அம்மா. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்க."

"எங்க நடக்கிற டொக்டர்?"

"ரோட்டில நடவுங்க" என்றார், எழுதிக்கொண்டே. அவர் வெளியூர். அவர்மீது எனக்குக் கோபமில்லை.

நடக்க இடமில்லை என்றால் சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாட்டு என்று நினைப்பீர்கள். வீடு நிற்கும் என் வளவைச் சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் ஊர்களில் பெண் பிள்ளைக்குப் பெற்றோர் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் பெற்றோருக்கு நாங்கள் மூன்று பெண்கள். வளவு மூன்றாகியது. என் துண்டில் கட்டிய வீட்டை என் மூத்த மகள் பர்ஸானாவுக்குக் கொடுத்தோம். அவளும் மருமகனும் முன்பக்கம். நானும் கணவரும் இளைய மகள் ஸஹ்லாவும் பின்னறையில். ஸஹ்லாவுக்குக் கொடுக்க நிலம் இல்லை, வானம்தான் மிச்சம். ஆகவே வீட்டுக்கு மேல் கொங்கிறீட் தட்டுப் போட்டு, தூண்களில் கம்பியை நீட்டி விட்டு வைத்தோம். அதன்மேல் அவளுக்கு வீடு எழும்ப வேண்டும்.

ஒழுங்கையில் எல்லா வளவும் இப்படித்தான் தின்னப்பட்டிருந்தது. சுனாமியில் கடல் வந்த பிறகு கரையோரத்தில் இருந்த குடும்பங்களும் உள்ளே நகர்ந்ததால் இன்னும் இறுகியது. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். என் கட்டிலிலிருந்து குசினிக்கு (அடுப்படிக்கு) நடந்தால் ஒன்பது எட்டு, குசினியிலிருந்து வாசலுக்குப் பதினொன்று. கீரை வாங்குவதென்றால் சந்தைக்குப் போக வேண்டும். பொரித்த ரோல்ஸும் பற்றிஸும் ஒழுங்கை முனையிலேயே கிடைக்கும். பின்னேரம் பணிஸ் (பன்) விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு உள்ளேயே வரும். மதிலுக்கு மேலால் கையை நீட்டினால் போதும்.

என் கணவர் ஹனீபா சாகாமப் பக்கம் வயல் செய்கிறார். நாங்கள் இருவரும் ஒரே சட்டிச் சோறுதான் தின்கிறோம். பார்க்கப்போனால் அவர்தான் கூடத் தின்பார். விடிந்தால் வரம்பில் நடந்து, வாய்க்காலில் இறங்கி ஏறி வருவார். அவருடைய சாரம் இடுப்பில் நிற்காது. "வாப்பா திண்டா வயலுக்குப் போகுது, உம்மா திண்டா உம்மாட்டயே நிக்கிது" என்று ஸஹ்லா பகிடி பண்ணுவாள். அவளும் என்னைப் போலவே பருமன். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு அவளுடைய உலகமும் அந்த இருபது எட்டுக்குள் வந்துவிட்டது.

டொக்டர் சொன்னபடி ரோட்டில் நடந்து பார்த்தேன். விடிய சுபஹுத் தொழுகை முடிந்து மேலங்கியான ஹபாயாவைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு கடப்படியிலும் (வளவு வாசலிலும்) ஒரு தலை. "எங்க போறீங்க?" முதல் நாள் தங்கச்சி வீட்டுக்கு என்றேன். இரண்டாம் நாள் கடைக்கு. மூன்றாம் நாள் அதை நம்ப வைக்க ஒரு வெறும் பையையும் தூக்கிக்கொண்டு போனேன். நாலாம் நாள் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "சும்மா நடக்கிறன்" என்றேன். அந்தப் பெண் என் முகத்தை உற்றுப் பார்த்து, "ஊட்டுல ஏதும் சண்டையாகா?" என்று கேட்டாள்.

ஒரு கிழமைக்குள் கதை பர்ஸானாவிடம் வந்து சேர்ந்தது. "உம்மா, நீங்க விடிய வெள்ளன தனிய திரியிறதா ஊர்ல கதைக்கிறாங்க. இவருட ஊட்டாக்கள் கேட்டா நான் என்ன செல்ற?" என்றாள். அவள் கண்ணில் நீர். அவளை ஏசவும் எனக்கு மனம் வரவில்லை.

மார்க்கம் என்னை நடக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹஜ்ஜுக்குப் போன பெண்கள் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தரம் நடந்துவிட்டு வருகிறார்கள். அவர்களே ஊருக்கு வந்ததும் பக்கத்துத் தெருவுக்கு ஓட்டோ பிடிக்கிறார்கள். நடக்க வேண்டாம் என்று சொன்னது எங்கள் ஒழுங்கை. எட்டடி அகலம், உடைந்த கான் (சாக்கடை) மூடி, சீறிக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிள், அதற்கு மேல் அந்தத் தலைகள். கடற்கரையில் இடம் இருக்கிறது, தோணிகளுக்கும் பந்தடிக்கிற பொடியன்மாருக்கும். சில ஊர்களில் பெண்கள் கூட்டமாக நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். எங்கள் ஒழுங்கைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அப்போதுதான் மேல்தட்டு ஞாபகம் வந்தது.

காலையில் ஏற முடியாது. பக்கத்துக் கட்டிடத்தில் மேசன்மார் நிற்பார்கள். பின்னேரம் சரியில்லை. மேலே நின்றால் அடுத்த வீடுகளின் குளிக்கும் இடம் தெரியும், மரியாதையான பெண் அந்நேரம் மேலே ஏற மாட்டாள். லுஹர் தொழுது, சாப்பிட்டு முடித்து, ஊரே கண்ணயரும் நேரம் ஒன்று உண்டு. இரண்டு மணி. அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு சிக்கல் இருந்தது. மருமகன் பிடவைக் கடை வைத்திருக்கிறார். பகல் சாப்பாட்டுக்கு வந்து அந்த நேரத்தில்தான் சற்றுச் சாய்வார். அவருடைய கட்டில் தட்டுக்கு நேர் கீழே. மருமகன் உறங்கும்போது மாமியார் தலைக்கு மேல் டக்கு டக்கு என்று செருப்புப் போட்டு நடந்தால் எப்படி இருக்கும்? நம் பெண்களுக்கு இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. மருமகன் வீட்டில் இருந்தால் நாங்கள் இருமுவதைக்கூட முந்தானைக்குள் இருமுவோம். செருப்பைப் படியடியில் கழற்றிவிட்டு ஏறினேன். வெறுங்காலோடு வெளியே போக வேண்டாம் என்றுதானே டொக்டர் சொன்னார். இது என் வீடு.

தூணிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை இருபத்திரண்டு எட்டு. போய்ப் போய் வந்தேன். சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். தென்னை ஓலைகளுக்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. முகத்தில் காற்றுப் பட்டது. எங்கே போகிறாய் என்று கேட்க ஒருவரும் இல்லை. இரண்டு கிலோ குறைந்தது. டொக்டர் கொப்பியில் எழுதிவிட்டுச் சிரித்தார், நான் பிள்ளையைப் போலப் பூரித்துப்போனேன்.

தை மாதம் மழை விட்ட கையோடு தொடங்கினேன். பங்குனி வெயில் ஏறியதைத் தலை அறிந்தது, முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டேன். கால் அறியவில்லை. உள்ளங்காலில் இதமான ஒரு வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. மரத்துக் கிடந்த காலில் உணர்வு திரும்புகிறது என்று நினைத்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுது எழும்பியபோது தொழுகைப் பாயில் ஈரம் தெரிந்தது. காலைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்காலின் தோல் பாலாடை மாதிரிச் சுருண்டு தொங்கியது. கொஞ்சமும் நோகவில்லை. நோகாததால் பயமும் வரவில்லை. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டுத் துணியால் சுற்றிக் காலுறைக்குள் மறைத்தேன்.

ஏன் மறைத்தாய் என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். சொன்னால் நடையை நிறுத்திவிடுவார்கள், அதுதான் காரணம். அந்த அரை மணித்தியாலத்தை விட எனக்கு மனமில்லை. காலுறையோடு இன்னும் இரண்டு நாள் மேலே நடந்தேன்.

ஆறாம் நாள் ஸஹ்லா என் கட்டிலோரம் நின்று மூக்கைச் சுருக்கினாள். "உம்மா, என்ன ஒரு மணம்?" எலி செத்திருக்கும் என்றேன். அவள் கட்டிலுக்குக் கீழே தேடினாள். பிறகு எழும்பி என் காலுறையைக் கழற்றினாள். அவள் போட்ட சத்தத்தில் மருமகனே ஓடிவந்தார்.

வார்ட்டில் சத்திரசிகிச்சை டொக்டர் காலைப் பார்த்ததும், "இது சூடு பட்ட காயம். எங்க சுட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். அது பொய்யல்ல, எனக்குத் தெரியாது. பிறகு என் கணவரை வெளியே நிற்கச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு, "பயப்படாம சொல்லுங்க அம்மா. வீட்டில யாரும் இப்பிடிச் செய்ததா?" என்றார். என் வாழ்க்கையில் ஒரு கடும் சொல் சொல்லாத மனிதர் கதவுக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் இல்லை இல்லை என்று அழ, அந்த அழுகையே டொக்டருக்குச் சந்தேகமாகப் பட்டது.

விடையைக் கண்டுபிடித்தது ஸஹ்லாதான். நான் மேலே நடப்பது அவளுக்குத் தெரியும். அடுத்த நாள் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்த் தட்டில் வெறுங்காலை வைத்துப் பார்த்திருக்கிறாள். அங்கிருந்தே போன் எடுத்தாள். "உம்மா, அஞ்சாறு எட்டு வெக்க ஏலாதும்மா. எப்பிடி உம்மா அவ்வளவு நேரம் நடந்தீங்க?"

அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். மூன்று நாளில் இரண்டு விரல்கள் கறுத்தன. கேங்கிரின் என்றார்கள் (இரத்தம் போகாமல் சதை செத்துப்போதல்). விரல்களை எடுத்தார்கள். காய்ச்சல் விடவில்லை. பக்கத்துக் கட்டிலில் வரிப்பத்தான்சேனையிலிருந்து கை முறிந்து வந்த ஒரு விவசாயப் பெண் இருந்தாள். குச்சி மாதிரி உடம்பு, என் வயதுதான். என் கதையைக் கேட்டுவிட்டு, "நடக்கிறதுக்கு ஊட்டுக்கு மேல ஏறினீங்களா? எங்கட பக்கம் வந்தா வரம்பு வரம்பா கிடக்கே" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் டொக்டர் கட்டிலோரம் உட்கார்ந்தார். டொக்டர்கள் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்பதை அதற்குள் கற்றிருந்தேன். "முழங்காலுக்குக் கீழ எடுத்தா உங்களைக் காப்பாத்தலாம். சுணங்கினா முழங்காலும் போகும். அதுக்குப் பிறகு ஆளையும் காப்பாத்த ஏலாது."

சம்மதத் தாளில் கைச்சாத்து வைத்தேன். என் கணவர் பேனையை வாங்கக் கையை நீட்டியபோது அவருடைய விரல்களைப் பார்த்தேன். வயல் சேறு நகத்தில் இருந்தது. அழுதபடியே அதைக் கழுவவில்லையா என்று ஏசினேன்.

எடுத்த காலை எங்கள் முறைப்படி அடக்க வேண்டும். அவர் அதைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு எங்கள் இடுகாடான மையவாடிக்குப் போனார். திரும்பி வந்தவரிடம் எந்த இடம் என்று கேட்டேன். "மேக்குப் பக்கம், வேம்புக்குக் கீழ" என்றார். என் உடம்பில் ஒரு பகுதி எனக்கு முன்னால் அங்கே போய்விட்டது. நாற்பத்தேழு வருடம் ஒன்றாகத் திரிந்தது. உயிரோடிருக்கும் ஒருத்திக்குக் கபுறடியில் இடம் பிடித்து வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து நாளையைப் பற்றிப் பேசும்போது என் குரல் மாறிவிட்டது என்று பர்ஸானா சொல்கிறாள்.

மருமகன் வார்ட்டுக்கு வந்தார். நான் செருப்பைக் கழற்றிய காரணத்தை ஸஹ்லா அவரிடம் சொல்லியிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில், கால் இல்லாத அந்த வெறும் பக்கத்தில் வந்து நின்றார். "மாமி, நான் அந்நேரம் நித்திரையே இல்ல. காதுல இயர்போன் மாட்டிக்கிட்டுப் போன் பாத்துக்கிட்டுக் கிடந்த. நீங்க மேல ஓடியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது" என்றார். சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி விம்மினார். அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதும் நானாகவே இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பட்டதை முழுதாக எழுத மாட்டேன். இல்லாத பாதம் நெருப்பாக எரியும் (மூளை அந்தக் காலை இன்னும் தேடுவதால் வரும் நோவு என்றார்கள்). இருந்தபோது சுட்டது தெரியாத கால் போன பிறகு சுட்டது. மலசலகூடத்துக்கு இரண்டு பேர் பிடிக்க வேண்டும், பருத்த உடம்பு, அவர்களுக்கு மூச்சு வாங்கும். அல்லாஹ்விடம் மௌத்தை (மரணத்தை) கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கேட்டேன். பல தடவை கேட்டேன். இதே நிலையில் இருந்துகொண்டு அப்படிக் கேட்கிறவர்கள் யாரும் இதை வாசித்தால், நீங்கள் தனியாக இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

காயம் காட்டக் கிளினிக்குக்குப் போகும்போது ஸஹ்லாதான் கூட வருவாள். ஒருநாள் நைலோன் நூல் பிடித்த அதே டொக்டர், என் காலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவர் ஸஹ்லாவின் கழுத்தைப் பார்த்தார். முக்காடு சற்று விலகியிருந்தது. பின்கழுத்து மடிப்பில் பட்டுப்போலக் கறுத்த ஒரு பட்டை, சிறு வயதிலிருந்தே இருந்தது. ஊத்தை என்று நினைத்து நான் தேசிக்காயும் உப்பும் போட்டு அவள் அழ அழத் தேய்த்திருக்கிறேன்.

"இது ஊத்தை இல்ல அம்மா" என்றார் டொக்டர். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோலில் விழும் அடையாளமாம். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சீனி வருத்தத்தின் வாசற்படியில் நின்றாள். இருபத்தொரு வயது. "இன்னும் வரல்ல. நடந்தா, நிறை குறைஞ்சா திருப்பலாம். ஆனா இப்பவே தொடங்கோணும்." பிறகு அவர் என்னைப் பார்த்தார். ரோட்டில் நடவுங்கள் என்று இந்த முறை அவர் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் காலுக்காக அழுத அழுகையெல்லாம் சும்மா என்று பட்டது. மேல்தட்டில் அப்போது சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அவளுக்கு வீடு. எங்கள் வளவில் மிஞ்சியிருந்த கடைசி இருபத்திரண்டு எட்டும் அறைகளாகப் பிரிந்துகொண்டிருந்தது. அவளுக்காகக் கட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அவளைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தோம்.

ஊரிலே ஒருவர் தந்த சக்கர நாற்காலி வந்து ஒரு மாதமாக மூலையில் மடித்துக் கிடந்தது. அதில் ஏறி ஊரார் முன்னால் போக மாட்டேன் என்று அடம் பிடித்திருந்தேன். ஒருநாள் காயத்துக்கு மருந்து கட்டப் போக ஓட்டோ வரவில்லை. ஸஹ்லா என்னை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினாள். நான் தலையைக் குனிந்திருந்தேன். ஒவ்வொரு கடப்படியிலும் குரல் கேட்டது.

"மாஷா அல்லாஹ், புள்ளண்டா இதுதான் புள்ள."

"உம்மாவத் தள்ளுற கைக்கு சுவர்க்கம் கிடைக்கும் மனே." (எங்கள் பக்கம் பெண் பிள்ளையையும் மனே என்றுதான் கூப்பிடுவோம்.)

அப்போதுதான் நான் தலையை நிமிர்த்தினேன். அவர்கள் அவளை வாழ்த்துகிறார்கள். இருபத்தொரு வயதுப் பெண், கலியாணம் பேசாதவள், பட்டப்பகலில் ஒழுங்கை நெடுகிலும் வேர்த்து வழிய நடக்கிறாள். ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

அடுத்த நாள் அஸர் தொழுத கையோடு, "மனே, எனக்குக் காத்துப் படோணும் போல இரிக்கி. கடல் ரோட்டுக்குத் தள்ளிட்டுப் போறியா?" என்றேன். அதற்கு அடுத்த நாளும் கேட்டேன். முதல் கிழமை ஒழுங்கை வளைவிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. உடைந்த கான் மூடியில் சக்கரம் இறுகும்போது முழுப் பலத்தையும் போட்டுத் தூக்குவாள். இரண்டாம் மாதம் நாங்கள் கடல் ரோட்டில் பள்ளிவாசல் வரை போய் வந்தோம். எனக்குக் காற்றும் வேண்டாம், கடலும் வேண்டாம். பின்னால் அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு விளங்கியதா என்று தெரியாது. நானும் கேட்கவில்லை.

ஆறு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தாள். இரத்தத்தில் சீனி இறங்கியது. "என்ன செய்தீங்க?" என்று டொக்டர் கேட்க, "உம்மாவத் தள்ளினன்" என்றாள். டொக்டர் சிரித்தார். அதே சிரிப்போடு என்னிடம் திரும்பி, என் காயம் நன்றாக ஆறிவிட்டது, செயற்கைக் கால் அளவெடுக்கலாம், பழகினால் தடியில்லாமலே நடக்கலாம் என்றார். கடிதமும் எழுதித் தந்தார்.

இதே நிலையில் உள்ளவர்கள் அந்தக் கடிதம் கிடைத்தால் சுணங்காமல் போய் அளவு கொடுங்கள். காலம் போனால் துண்டுக் கால் (வெட்டிய இடத்துக்கு மேல் உள்ள பகுதி) சுருங்கி, முழங்கால் மடங்கி இறுகிவிடும் என்று டொக்டர் சொன்னார். மிஞ்சிய மற்றக் காலை ஒவ்வொரு நாளும் அடியில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயும் செருப்பைக் கழற்றாதீர்கள், யார் உறங்கினாலும் சரி.

நான் போகவில்லை. முதல் திகதிக்குத் தலைச்சுற்று என்றேன். இரண்டாம் திகதிக்குத் துண்டுக் கால் நோகிறது என்றேன். என் கணவர் வயலை விட்டுவிட்டு வாகனம் பிடித்து வந்து நின்றார். "உனக்கு நடக்க ஆச இல்லையா?" என்று கேட்டார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவரைப் பார்த்துப் பொய் சொன்னேன். பயமாக இருக்கிறது என்றேன். என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

ஆசை இருக்கிறது. கனவில் எனக்கு இரண்டு கால். ஆனால் நான் எழும்பி நடந்துவிட்டால் நாற்காலி மூலைக்குப் போய்விடும். அது மூலைக்குப் போனால் ஸஹ்லாவும் உள்ளே போய்விடுவாள். அவளை வெளியே எடுக்க என்னிடம் வேறு வழியில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. முழங்கால் இப்போதே காலையில் நேராக நிமிர மறுக்கிறது. எவ்வளவு காலம் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவரை இந்த உடம்பு தாங்குமா என்று தெரியவில்லை. நாள் என்பது எனக்கு அஸரில் தொடங்கிப் பொழுது சாயும் மஃரிபில் முடிகிறது. மற்ற நேரமெல்லாம் காத்திருப்பு.

நேற்றுக் கடல் ரோட்டில் மதிலோரம் என்னை நிறுத்திவிட்டு, "இரிங்க உம்மா, அந்தப் பாலம் வரைக்கும் தனியப் போய்ட்டு ஓடி வாறன்" என்றாள். சொல்லிவிட்டுத் தயங்கி நின்றாள். "போ மனே" என்றேன். போனாள். முதல் கொஞ்சத் தூரம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை வீசிக்கொண்டு வேகமாக நடந்தாள். எதிரே சைக்கிளில் வந்த இரண்டு மூன்று பேர் தனியாகப் போகும் அவளைப் பார்த்தார்கள். பிறகு என் பக்கம் பார்த்தார்கள். நான் மடியில் போர்த்தியிருந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, ஹபாயாவின் வெறும் பக்கம் ரோட்டில் போகிற எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்படி முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.